பம்ப் விற்பவர்களே, ஊசியையும் சொல்லிக் கொடுங்கள்!

இன்சுலின் பம்ப் மாட்டினால் ஊசிக்கு டாட்டா என்கிறார்கள். சரி, 2020 ஊரடங்கு மாதிரி மறுபடி கூரியர் முடங்கினால்? இரண்டு மூன்று நாளைக்கொருமுறை மாற்றும் குழாய் செட், அம்பத்தூர், ஆவடி தெருமுனை மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கிற சரக்கா?

பம்பில் ஓடுவது வேக இன்சுலின் மட்டுமே. நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. டைப் 1 நோயாளிக்கு அது உயிராபத்து.

ஊசிக்குத் திரும்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. பம்ப் மருந்து மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சோ 40 யூனிட் மருந்துக்கானது. அதில் '10' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்!

லட்சங்களில் பம்ப் மாட்டிவிடுபவர்கள், நீண்டநேர இன்சுலின், ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, டோஸ் எழுதிய துண்டுச்சீட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?