கரை மின்சாரமும் கலத்து மின்சாரமும்

துறைமுகத்திற் கட்டிய கப்பல், தன் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து இழுத்த வடத்தினால் மின்சாரம் பெறுவதுண்டு. அதற்குக் கரை மின்சாரம் என்று பெயர். கடலையே காணாத ஒரு வாகனத்துக்கும் இப்பெயர் வந்து சேர்ந்திருக்கின்றது. இங்கிலாந்து, பிரான்சு, கனடா முதலிய நாடுகளில் விடுமுறைக்குக் குடும்பங்கள் ஏறிச் செல்லும் வீட்டு மோட்டார் வண்டியே அது. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி யாவும் அதனுள் அமைந்திருக்கும். மாலையில் முகாமிடத்தை அடைந்ததும், அங்குள்ள கம்பத்தில் வண்டியின் வடத்தைச் செருகுவர். இனி மின்சாரக் கவலை ஒழிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் கவனம் வேண்டுவது அந்நேரத்திலேதான்.

இவ்வண்டிகள் பலவற்றில் 12 வோல்ற்றுப் பற்றரிகள் உள. விளக்குகளும் நீர்ப்பம்பியும் அவற்றின் நேரோட்டத்தில் இயங்குவன. கேத்தல் போன்றவற்றுக்கோ வீட்டு மின்சாரமாகிய ஆடலோட்டம் வேண்டும். ஐரோப்பாவில் அது 230 வோல்ற்று. கனடாவில் 120 வோல்ற்று. பற்றரியின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்குவது இன்வேட்டர். கரையிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிப் பற்றரிக்கு ஊட்டுவது மின்னேற்றி. ஆக, ஒன்றின் தொழில் மற்றதன் தொழிலுக்கு நேர் எதிரானது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று பார்த்து வேலை செய்யத் தொடங்கினால் என்னவாகும்? இன்வேட்டரின் மின்சாரம் வண்டி முழுவதும் பரவும்போது மின்னேற்றியையும் சென்றடையலாம். மின்னேற்றி அதனைக் கொண்டு அதே பற்றரியை நிரப்ப முயலும். ஒவ்வொரு கருவியிலும் பத்தில் ஒரு பங்கு வெப்பமாய்ப் போகின்றது என்று கொள்வோம். பற்றரியிலிருந்து எடுத்த 100 பங்கில் 81 பங்கே திரும்பி வரும். கிணற்று நீரை ஓட்டை வாளியால் அள்ளி அதே கிணற்றில் ஊற்றுவது போன்ற வேலை இது. பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு இதில் வியப்பிராது. ஆனால், காலையில் விளக்கு எரியாதபோது காரணந்தேடும் குடும்பத்தினருக்கு இது பெரும் புதிராகவே இருக்கும்.

பற்றரி வற்றுவது சிறு நட்டம். இதனினும் கொடியது, இரண்டு ஆடலோட்டங்கள் ஒரே கம்பியிற் சந்திப்பது. கரை மின்சாரமும் இன்வேட்டரின் மின்சாரமும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. ஆகவே மோதிய கணத்தில் இன்வேட்டர் கருகிவிடக்கூடும். அன்றியும், இன்வேட்டர் வண்டியின் கம்பிகளில் முறையின்றித் தொடுக்கப்பட்டிருப்பின், கம்பத்திலிருந்து கழற்றிய வடத்தின் வெறும் முனைகளிலும் 230 வோல்ற்று நிற்கும். வடத்தைச் சுருட்டித் தருமாறு நாம் அனுப்புவது பெரும்பாலும் பிள்ளைகளையன்றோ? இதனாலேயே இரு வழிகளில் ஒன்றை மட்டுமே திறக்கும் இடமாற்று ஆளி இன்றியமையாதது. இன்வேட்டரும் மின்னேற்றியும் ஒருங்கே அமைந்த கருவிகள் பலவற்றில் இவ்வாளி உள்ளேயே இருக்கும். அஃதில்லாதவர்கள், கரை வடத்தையே கம்பத்திலிருந்து கழற்றி இன்வேட்டரின் குதையில் மாட்டுவதுண்டு. ஒரு வடம் ஒரே வேளையில் ஈரிடத்தில் இருக்க முடியாதாகையால், எளிய வழியெனினும் இது நன்றே. மின்னேற்றியை மட்டும் மறவாது நிறுத்தவேண்டும். இரு முனையிலும் செருகி பொருத்திய வடத்தை எவரேனும் செய்து தந்தால், அதனை வெட்டி எறிவதே தகும்.

கரை மின்சாரம் உள்ளபோது இன்வேட்டரை இயங்க விடலாமா? வேலையேதுமின்றி நிற்கும் பெரிய இன்வேட்டரே 1 முதல் 2 அம்பியர் வரை உண்ணக்கூடும். ஒன்றரை அம்பியர் எனினும் நாளொன்றுக்கு 36 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணிப் பற்றரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மின்னேற்றி அதை ஈடுசெய்வதால் நமக்குத் தெரிவதில்லை. நிறுத்திவிடுவதே எமது கட்சி. ஆனால் வண்டியில் துயில்பவர் சுவாசக் கருவியின் துணையோடு உறங்குபவராயின் கதை வேறு. நள்ளிரவிற் கரை மின்சாரம் அறுந்தால், தானே மாறும் கருவி ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவிலேயே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். அங்கே வீணாகும் 36 அம்பியர்-மணியைக் கணக்குப் பார்ப்பது தகாது.

கம்பம் எவ்வளவு தரும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பிரான்சின் முகாமிடங்கள் சிலவற்றில் 6 அம்பியர் மட்டுமே கிடைக்கும். அது 1380 உவாற்று. 2000 உவாற்றுக் கேத்தலை வைத்தால் சுற்றுடைப்பான் விழுந்துவிடும். வற்றிய பற்றரியை நிரப்பும் மின்னேற்றி தானே 600 உவாற்றுக்கு மேல் எடுக்கலாம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1380 உவாற்றுக்கு உட்பட்ட சிறு கேத்தலாயின், தேநீர் கொதிக்கும்வரை மின்னேற்றியைச் சற்று நிறுத்திவைத்தால் போதும்.

இனிக் குளிர்காலம். வண்டியைக் கனடாவில் வெளியே நிறுத்திவைப்போர் தம் பற்றரி எவ்வகையினது என்பதை அறிந்திருக்கவேண்டும். ஈய அமிலப் பற்றரி நிறைந்தே இருக்கவேண்டும். வற்றினால் அதன் அமிலம் நீர்த்து, உறைந்து, பெட்டியே வெடித்துப் பிளக்கும். இலிதியம் பற்றரியின் இயல்போ வேறு. 0 பாகை செல்சியசுக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் உள்ளே இலிதியம் உலோகமாய்ப் படிந்து பற்றரி கெடும். வெப்பமூட்டியோ தடுப்புக் கருவியோ இல்லாத இலிதியம் பற்றரியாயின், முதற் பனி விழுமுன்னரே மின்னேற்றியை நிறுத்திவிடுக.