க்ஷயரோகமும் நமது சங்கங்களின் கடமையும்

க்ஷயரோகத்திற்கு இன்று நல்ல மருந்து உண்டு. அரசினர் மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது காசின்றிக் கிடைக்கிறது. பெரும்பாலோர்க்கு ஆறு மாத காலம் தவறாது உண்டால் நோய் தீர்ந்துவிடுகிறது. இவ்வளவு வசதியிருந்தும், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் இருமிய பின்னரே டாக்டரை நாடுவதும், உடம்பு சற்றுத் தேறியதும் பாதியில் மருந்தை நிறுத்திவிடுவதும் ஏன்? அறியாமையே காரணம் என்று சொல்லி ஒதுங்கிவிடுவது எளிது. நமது அபிப்பிராயம் வேறு.

பட்டு நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்து கொடுத்த சேலைக்கே கூலி. மருத்துவமனை வரிசையில் கழியும் பகல் நெய்யாத பகலாகும். கோர்வைச் சேலையாயின், கரைக்கு நாடா தள்ளும் துணையாளுக்கும் அன்று வேலையில்லை. நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாய அங்கத்தினரின் நிலையும் இதுவே. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் நோயுற்ற காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியை அளிக்கிறது. தன் வீட்டில் தறி போட்டு நெய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே மருந்து இலவசமானாலும், மருந்து வாங்கச் செல்லும் நாள் இலவசமன்று.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளரிடையே வைத்தியம் பார்த்த டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், எவருக்கு நல்ல வைத்தியம் மிகுதியாக வேண்டுமோ அவருக்கே அது குறைவாகக் கிட்டுகிறது என்பதை 1971இல் எடுத்துக் காட்டினார். இதனை மாற்றும் வழியோ, அதற்கும் முன்னரே நமது சென்னையில் கண்டறியப்பட்டிருந்தது.

1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. சானடோரியத்தில் படுக்க வைத்து, ஓய்வும் ஊட்டமுள்ள உணவும் அளித்தால்தான் இந்நோய் தீரும் என்பது அந்நாளைய நம்பிக்கை. அந்நிலையத்தார் ஏழை நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திற்கு அனுப்பினர். மற்றவர்க்கு நெருக்கடியான அவர்களது சொந்த வீடுகளிலேயே அதே மருந்தை அளித்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டிற்குப் பின் நோய் தணிந்தோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. உடனிருந்த குடும்பத்தினருக்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை. நோயாளியை மருத்துவமனைக்கு இழுப்பதைவிட மருந்தை அவரது இல்லத்திற்குக் கொண்டு செல்வதே ஏழை நாடுகளுக்கு உகந்த வழி என்பதை உலகம் இதிலிருந்து கற்றது.

மருந்து நோயைத் தீர்க்கும். வீட்டிலுள்ள மற்றவரைக் காப்பது எது? ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. நோயாளிகளின் குடும்பத்தினர்க்கு ஆறு மாத காலம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கினர். வழங்கப்படாத குடும்பங்களோடு ஒப்பிட, அவர்களிடையே புதிதாக க்ஷயம் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. ஒரு குடும்பத்தின் அரிசிப் பானையே அதன் தடுப்பு மருந்தாக நின்றது எனலாம்.

அரசினர் வாளாவிருக்கவில்லை. சிகிச்சை பெறுவோர்க்குச் சத்துணவிற்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. எனினும் தறி நின்ற வீட்டிற்கு இத்தொகை எவ்வளவு தூரம் வரும் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது.

முதலாவது, சேலை கொடுத்துக் கூலி பெற அங்கத்தினர் கூடும் நாளில், சுகாதாரத் துறையினரை அழைத்துச் சங்கக் கட்டடத்திலேயே பரிசோதனை நடத்தலாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுவோர் தனியாக ஒரு பகலை இழக்க வேண்டியதில்லை. இரண்டாவது, சிகிச்சையிலிருப்பவரின் பாவைப் பிறருக்கு மாற்றிவிடாமல், டாக்டர் அனுமதிக்கும்வரை கெடுவை நீட்டித்துத் தரலாம். மூன்றாவது, நோயாளிகளுக்கு உணவுப் பொருள் அளிக்கும் ‘நிக்ஷய் மித்ரா’ திட்டத்தில், 2022இல் அது தொடங்கியது முதலே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இடமுண்டு. பொது நல நிதியை உரிய தீர்மானத்தோடும் விதிகளுக்கு உட்பட்டும் இதற்குச் செலவிடுவதைவிடப் பொருத்தமான செலவு வேறு எது?

நூலும் சரிகையும் கொடுத்துச் சேலை விற்பதே சங்கத்தின் வேலை; வைத்தியம் சர்க்காரின் வேலை என்று சிலர் கூறலாம். சர்க்காரின் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டுமென்பது நமது வாதமன்று. சர்க்கார் தரும் மருந்திற்கும் அங்கத்தினரின் தறிக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்கச் சங்கத்தால்தான் இயலும். நோயின் பெயர் வெளிப்பட்டால் பெண்ணின் கலியாணம் தடைப்படுமே என்ற அச்சமோ நியாயமானது. ஆகையால் நோயாளியின் சம்மதமின்றி எதுவும் செய்யலாகாது. பெயர் தீர்மானப் புத்தகத்திலும் அறிவிப்புப் பலகையிலும் ஏறலாகாது.

தணிக்கையின்போது நாம் முதலில் பார்ப்பது வராத பாக்கிகளையே. பாக்கிப் பட்டியலில் உள்ள பெயருக்குப் பின்னால் இருமும் மார்பு ஒன்று இருக்கக்கூடும் என்பதை நிர்வாகக் குழுக்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கோருவார்களாக.