தொடர்பு அறுந்த பொழுதில்

கடலூரில் 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள் ஆங்கிலேயப் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் நிகழ்ந்த போர் மிகக் கொடியது. ஆங்கிலேயர்க்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுக்காரர்க்குப் புஸ்ஸி பிரபுவும் தலைமை பூண்டிருந்தனர். மைசூர்ச் சேனையும் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றது. இருதரப்பிலும் பல நூற்றுவர் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர். ஒரு வாரம் கழித்து, 20-ஆம் நாள், ஸூப்ரேனும் ஹியூஸும் தத்தம் கப்பற்படைகளோடு இக்கரைக்கு எதிரே பொருதனர். ஆயின், இவ்விரு அரசுகளுக்கும் இடையே சமாதானத்தின் முதல் உடன்படிக்கை வெர்சேல்ஸ் நகரில் கையெழுத்தானதோ அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாள்! ஏறத்தாழ ஐந்து திங்கட்கு முன்னரே முடிந்துபோன யுத்தத்தில் அம்மாந்தர் உயிர் விட்டனர். செய்தி கடல் கடந்து கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் மாத இறுதியிலேதான்.

இதில் படைத்தலைவர் எவரையும் குறை கூறுதற்கில்லை. "இப்பொழுது" என்னும் சொல் வெர்சேல்ஸிலும் கடலூரிலும் ஒரே பொருளைத் தரவில்லை; அவ்வளவே. 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் கணிப்பொறிகளைக் குறித்து நிலைநாட்டிய உண்மையும் ஏறக்குறைய இதுவே. வெவ்வேறிடங்களில் இயங்கும் பொறிகளுக்குப் பொதுவானதொரு கடிகாரம் இல்லை. ஓரிடத்தினின்று புறப்பட்ட செய்தி மற்றோரிடத்தை அடைந்தாலன்றி, இரண்டிடத்து நிகழ்ச்சிகளுள் எது முன், எது பின் என்று துணிதல் இயலாது என்றார். தலைமையின்றித் தனித்தனி நிற்கும் பல பொறிகள் செய்தி பரிமாறி ஒரு முடிவுக்கு வரும் வழிகளை ஆராய்வதே பகிர்வு அல்காரிதம் எனப்படும் துறை. நம் மாணவர் பலர் இதனைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே கருதுகின்றனர். யானோ இது கடலூர்க்கும் சிதம்பரத்திற்கும் மிக நெருங்கிய விஷயம் என்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. கடலூரில் ஒருவரும் சிதம்பரத்தில் ஒருவரும் குறித்த நாளில் ஒரே வேளையில் ஒரு காரியத்தைத் தொடங்க வேண்டும். ஒருவர் மட்டும் தொடங்கினால் கேடு. கடலூரார் ஆளனுப்புகிறார். இடையே வெள்ளாறு, வெள்ளம் வந்தால் ஆள் போய்ச் சேர்வது உறுதியில்லை. ஆதலின் சிதம்பரத்தார் "கிடைத்தது" என்று மறுமொழி விடுக்கிறார். அது கடலூரை எட்டியதா என்பது அவருக்குத் தெரியாது. எட்டியதென மற்றோர் ஆள் வரவேண்டும். அவ்வாளும் சேர்ந்தானா என்று கடலூரார் ஐயுறுவார். இவ்வாறு ஆயிரம் ஆளை அனுப்பினும் இறுதியாளைப் பற்றிய ஐயம் நீங்காது. அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்னும் மூவர் 1975-இல் இதனை எடுத்துக் காட்டினர். எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வாங்கினும் இவ்வையம் தீராது. இதை அறியாதார் சிலர், பொறி பழுதானால் புதியது வாங்கினாற் போதும் என எண்ணுகின்றனர்.

பிஷர், லிஞ்ச், பாட்டர்சன் என்போர் 1985-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கடுமையானது. செய்தி எவ்வளவு காலம் தாழ்க்கும் என்பதற்கு வரையறை இல்லாவிடின், பல பொறிகளுள் ஒன்றே ஒன்று செயலற்றுப் போகக்கூடுமாயினும், ஏனையவை என்றேனும் ஒருமனப்படும் என உறுதி கூறும் திட்டவட்டமான வழி எதுவும் இல்லை என்று நிறுவினர். அம்முடிவு அறிஞர் கூட்டத்தில் முதன்முதல் பேசப்பட்ட 1983-லேயே, நாணயம் சுண்டி அம்முட்டுக்கட்டையைக் கடக்கலாம் என்றார் பென்-ஓர். நம்மவர்க்கு இது புதுமையன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களில், தகுதியால் ஒப்பானவர் பலருள் ஒருவரைத் தெரிய, குடத்தில் ஓலையிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறை விளங்குகிறது. (வீரநாராயணன் என்னும் அம்மன்னனது பட்டப் பெயரே சிதம்பரத்தை அடுத்த வீராணத்தேரிக்கும் அமைந்தது.) சோழர் கணிப்பொறி நூல் கற்றிருந்தனர் எனப் பெருமை பேச வரவில்லை, சமமானவர்க்கிடையே முடிவு எட்டாதபோது திருவுளச் சீட்டு நல்ல வழி என்று அவர்கள் அனுபவத்தால் கண்டனர் என்பதே என் கருத்து.

இனி, யான் சொல்லவந்த பொருளுக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூர்க்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன, பல சிற்றூர்களில் பல நாள் விளக்கில்லை, கைப்பேசிகள் ஊமையாயின. இத்தகைய நாள் இக்கரைக்கு மீண்டும் வரும். அன்று தொடர்பு அறுந்த பொறி என்ன செய்ய வேண்டும்? எரிக் புரூவர் 2000-இல் கூற, கில்பர்ட்டும் முன் சொன்ன லிஞ்சும் 2002-இல் நிறுவிய தேற்றம் இரண்டே வழி காட்டுகிறது: ஒன்று, கணக்குப் பிழைபடலாகாது எனக் கதவை அடைத்தல், மற்றது, கதவைத் திறந்து வைத்துக் கணக்கைப் பின்னர் நேர் செய்தல். இரண்டையும் ஒருங்கே பெறுதல் இயலாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சிற்றூரின் நியாய விலைக் கடையில் முதல் வழியைக் கண்ணாரக் கண்டேன். அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது, அட்டையோடு மக்கள் நின்றனர், விற்பனையாளரும் இருந்தார். "சர்வர் இல்லை" என்ற ஒரே சொல்லால் அனைவரும் திரும்பினர். அவருள் ஒரு மூதாட்டி இரண்டு கல் தொலைவிலிருந்து சேற்றில் நடந்து வந்தவர். அரிசி அருகிலிருக்க, அனுமதி மட்டும் தொலைவிலிருந்தது.

இரண்டாம் வழிக்கும் சாஸ்திரம் உண்டு. தானே வீசிய அதே 2011-இல் ஷப்பீரோ முதலியோர் அதனைச் செம்மையாக வகுத்துரைத்தனர். ஒவ்வொரு கடையும் தன் பத்தியில் மட்டும், இதுவரை வழங்கிய மொத்தத்தை எழுதுக. பிறர் பத்தியைத் தொடற்க. தொடர்பு மீண்டதும் பேரேடுகளை ஒப்பிட்டுப் பத்திதோறும் பெரிய எண்ணைக் கொள்க. மொத்தம் குறைவதில்லையாதலின் பெரியதே புதியது. ஏடுகள் எந்த வரிசையில் வரினும், ஒன்றே மும்முறை வரினும் முடிவு மாறாது. ஒருவரையொருவர் கேளாமலே அனைவரும் ஒரே கணக்கை எய்துவர்.

இதற்கு ஒரு தடை கூறுவர்: தொடர்பற்ற நாளில் ஒருவரே கடலூரில் ஒருமுறையும் சிதம்பரத்தில் ஒருமுறையும் அரிசி பெறுவாரே எனில், பெறக்கூடும். அந்நாட்களில் அட்டை தன் ஊர்க் கடையில் மட்டும் செல்லும் என விதித்தால் அதுவும் பெரும்பாலும் அடங்கும். எஞ்சிய நட்டம் சில மூட்டை அரிசியே. எதிர்த்தட்டில் இருப்பது பசி. ரிசர்வ் வங்கியே 2022 ஜனவரியில், இணையத் தொடர்பின்றிப் பணம் செலுத்த விதி வகுத்தபோது, ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய் என வரம்பிட்டு இடங்கொடுத்தது. நட்டத்துக்கு எல்லை கட்டிவிட்டு வாயிலைத் திறத்தல் என்னும் இந்நெறி, பணத்துக்குத் தகுமாயின் அரிசிக்குத் தகாதோ? நிலப் பத்திரப் பதிவு அங்ஙனமன்று; ஒரு மனையை இருவர்க்குப் பதிந்தால் தலைமுறை வழக்காகும். அங்கே கதவடைத்துக் காத்திருத்தலே முறை. இவ்வேறுபாட்டைத் துணிவது கணித நூலாரின் வேலையன்று. ஊரை அறிந்தவர் வேலை.

ஆதலின் நம் கணிப்பொறி வகுப்பு மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசிக்கு முன், கடலூரில் ஒன்றும் பரங்கிப்பேட்டையில் ஒன்றும் சிதம்பரத்தில் ஒன்றுமாக மூன்று சிறு பொறிகளை வைத்து, மேற்கூறியவாறு ஒரு பேரேட்டை எழுதிப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு வாரம் தொடர்பை அறுத்துவிடுங்கள். எட்டாம் நாள் இணைத்து, மூன்று கணக்கும் ஒத்தனவா, ஒவ்வாதன எவை, எத்தனை படி அரிசி மிகையாகச் சென்றது என்பவற்றை அடுத்த ஆண்டு மலரில் எழுதுங்கள்.