மரத்தால் ஒரு மோட்டார் வண்டி

ஏட்டில் உள்ளதை மனத்தில் ஏற்றுவதோடு கல்வி முடிந்துவிடுவதன்று என்பதை மறுப்பார் இலர். ஆயினும், கற்றவன் ஒருவன் கையில் உளியைக் காணின், "இவனுக்கு வேறு வேலை இல்லையோ?" என்று வினவுவார் நம்மிடையே பலர். இவ்வெண்ணம் பிழையானது என்பதும், பழைய மோட்டார் வண்டியொன்றை அளவு பிசகாமல் மரத்தில் சிறிதாகச் சமைப்பது கல்லூரி மாணவர்க்குத் தக்க கல்வியே என்பதும் நமது கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டுப் போர்டு நிறுவனத்தாரின் 'டி' வண்டியைக் கொள்வோம். 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தோன்றிய இவ்வண்டி, 1927-ஆம் ஆண்டில் நிறுத்தப்படுவதற்குள் ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் செய்யப்பட்டது. செல்வர்க்கே உரியதாயிருந்த மோட்டார் வண்டியைக் குடியானவன் வீட்டு வாயிலிலும் நிறுத்திய பெருமை இதற்குரியது. மரவேலைக்கு இஃது ஏற்றதாதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இதன் சக்கரத்து ஆரக்கால்கள் ஹிக்கரி என்னும் வன்மரத்தாலாயவை. உடற்பகுதியின் தகட்டுக்குள் இருப்பது மரச்சட்டம். மின்பொறிச் சுருள்களை அடக்கிய பெட்டியும் மரமே. ஆதலின் இதனை மரத்திற் செய்வோன், பல இடங்களில் மரத்தை மரமாகவே காட்டுகின்றான்.

அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு வகுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 100 அங்குலம் உள்ள வண்டி, 8 1/3 அங்குலமாகச் சுருங்கும். 56 அங்குலச் சக்கர அகலம் 4 2/3 அங்குலமாகும். 30 அங்குலச் சக்கரம் 2 1/2 அங்குலமாகும். கணக்கு எளிது, கைதான் அதற்கு இணங்க மறுக்கும்.

சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். பலகையொன்றை வட்டமாக அறுத்து, இடைவெளிகளைக் குடைந்துவிட்டால் சக்கரமாகிவிடும் என்று அவசரக்காரர் கருதுவர். பலகையின் இழை ஒரே திசையில் ஓடுவது. அதற்குக் குறுக்கே அமையும் ஆரக்கால்கள் விரல் பட்ட அளவிலே முறியும். ஆகவே 12 ஆரக்கால்களையும், இழை நீளவாக்கில் ஓடும்படி தனித்தனியே செதுக்குதல் வேண்டும். ஒவ்வொன்றின் அடியையும் 30 பாகை கொண்ட ஆப்பு வடிவாகச் சீவுதல் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை குறையின், வட்டம் முடியும் இடத்தில் 6 பாகை வெளி வாய் திறந்து நிற்கும். சிறு பிழைகள் கூடிப் பெரும் பிழையாவதைக் கணித நூலிற் படித்தவர் அநேகர். அதனைக் கண்ணாற் கண்டவர் சிலரே.

நம் நாட்டு மாட்டுவண்டியில் ஆரக்கால்களைக் குடத்தில் துளையிட்டு இறுக்குவர் தச்சர். 'டி' வண்டியிலோ ஆரக்கால்களின் அடிகளே ஒன்றையொன்று நெருக்கி நிற்க, இருபுறமும் உலோகத் தட்டு வைத்துத் திருகாணியால் முடுக்கியிருப்பர். இரண்டும் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். இவ்வேற்றுமையை ஆராயத் தொடங்கிய மாணவன், பொறியியலின் வாயிலில் அடி வைத்துவிட்டான் என்க.

இனி, படத்தைப் பார்த்தே செய்துவிடலாமெனின், அது கூடாது. இக்கால வண்டியின் பழக்கத்தால், காலால் மிதித்து வேகத்தைக் கூட்டும் மிதியொன்றை அதிற் செதுக்கிவிடுவோம். 'டி' வண்டியில் மிதிகள் மூன்று: இடப்புறத்தது பல்சக்கர நிலையை மாற்றுவது, நடுவிலுள்ளது பின்னோக்கிச் செலுத்துவது, வலப்புறத்தது நிறுத்துவது. வேகத்தைக் கூட்டும் கோலோ திசைதிருப்பும் வளையத்தின் கீழே கையருகில் உள்ளது. மேலும், பெரும்பாலான 'டி' வண்டிகளில் எண்ணெய்க் கலம் முன் இருக்கையின் அடியில் இருந்தது. எண்ணெய் தன் எடையாலேயே யந்திரத்திற்கு ஓடும். செங்குத்தான மேட்டில் யந்திரம் உயர்ந்து கலம் தாழுமாதலின், எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும். அதனாலேயே அத்தகைய மேடுகளில் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினர். செய்துவைத்த மாதிரியைச் சாய்த்த பலகைமேல் நிறுத்திப் பார்ப்பவனுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். வெட்டிய துண்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்கின்றனரே, வாங்கி ஒட்டினாற் போதாதோ என்பர் சிலர். தொடங்குவார்க்கு அது நல்ல துணையே. நாம் அதனை இகழோம். ஆனால் அங்கே கேள்விகட்கெல்லாம் வேறொருவர் விடை கண்டு முடித்துவிட்டார். நமக்கு எஞ்சுவது பசை மட்டுமே. இது சிறுபிள்ளை விளையாட்டு என்பர் வேறு சிலர். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த பிஷர் பாடி பிரிவினர், 1930 முதல் 1968 வரை கைவினைக் கழகமொன்றை நடத்தி, சிறுவர் செய்த மாதிரி வண்டிகளுக்குக் கல்விப் பரிசு வழங்கினர். 1947-ஆம் ஆண்டில் அப்பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன், பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். விளையாட்டு எதுவரை வளரும் என்பதற்கு இஃதொன்றே அமையும். அக்கழகம் ஆண்பிள்ளைகளை மட்டுமே சேர்த்தது. அக்குறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

இவற்றினும் வலிய தடை ஒன்று உண்டு. அது வெளிப்படக் கூறப்படுவதில்லை. கையால் உழைப்பவன் கற்றவனிலும் தாழ்ந்தவன் என்னும் பழைய எண்ணமே அது. தச்சர் இல்லத்தில் வளர்ந்து, தச்சுத் தொழில் செய்தவரை ஆண்டவராகப் போற்றும் சமயத்தார் நிறுவிய கல்லூரிகளிலும் இவ்வெண்ணம் குடியிருக்குமாயின், அதனினும் நாணத்தக்கது யாது?

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதன்று. கல்லூரிதோறும் ஒரு சிறு கொட்டகை, நான்கு வாள், நான்கு உளி, இழைப்புளி, அரம், நல்ல அளவுகோல், ஆண்டுக்கொரு மாதிரி. கணிதம் பயில்வோர் அளவு வகுக்கட்டும். பௌதிகம் பயில்வோர் யந்திரத்தின் இயல்பை விளக்கட்டும். வரலாறு பயில்வோர் அவ்வண்டி உலகை மாற்றிய கதையை எழுதட்டும். அருகிலுள்ள ஊர்த் தச்சர் ஒருவரை அழைத்து, ஆசிரியர்க்குரிய நாற்காலியையும் ஊதியத்தையும் மரியாதையையும் அவர்க்கு அளிப்போம். மரத்தின் இழை எப்பக்கம் ஓடுகின்றதென்று அவர் தடவிப் பார்த்துச் சொல்லும்போது, பட்டம் பெறப்போகும் நம் மாணவர் எழுந்து நின்று கேட்பாராக. அந்நாளில் நம் கல்வி ஒரு படி உயர்ந்ததெனக் கொள்வோம்.