எல்லை எண்ட சாட்டு

எல்லை நிர்ணயம் எண்டு தொடங்கினாலே எங்கட வயசுப் பிள்ளைகள் வேற கதைக்குப் போயிடுவினம். ஆனால் மாகாண சபைத் தேர்தல் நடக்காததுக்கு அந்த ஒரு சொல்லைத்தான் சாட்டாகக் காட்டுகிறார்கள். ஆகவே கதைப்பம்.

ஆவணித் திருவிழாவுக்கு நாடே மடுவுக்கு வரும். மன்னாரின் ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளில் மடுவும் ஒன்று. ஆனால் மாவட்டத்தில் பிரதேச சபைகள் நாலுதான். மடுவுக்கெண்டு சபை இல்லை. மாந்தை மேற்கோடு சேர்த்து விட்டிருக்கினம்.

பாராளுமன்றத்தில் மன்னாருக்கும் இதே நிலைதான். 1947 தொடக்கம் தனித் தொகுதியாக ஓர் உறுப்பினரை அனுப்பிய மன்னார், 1989 தேர்தலில் இருந்து வவுனியா, முல்லைத்தீவோடு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள். மூன்று மாவட்டத்துக்கும் மொத்தம் ஆறு ஆசனம். அதில் மன்னாருக்கு இத்தனை என்ற உத்தரவாதம் கிடையாது.

மன்னாரைத் தனி மாவட்டமாக எண்ணியது வடமாகாண சபைதான். 2013 இல் இங்கிருந்து ஐந்து பேரைத் தெரிவு செய்தோம். 2018 ஒக்ரோபரோடு அதன் காலம் முடிந்தது. அதுக்குப் பிறகு தேர்தலே இல்லை. 2017 இல் சட்டத்தைத் திருத்தி, பாதிப் பேரைத் தொகுதிவாரியாகத் தெரிவதென்றார்கள். தொகுதிக்கு எல்லை வேணும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒண்டும் இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்!

இவைக்கு எல்லை கீறத் தெரியாதா? 1947 தொடக்கம் 1977 வரை கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. பல இனங்கள் கலந்து வாழும் நகரத்தில் சிறுபான்மைக்கும் ஆள் கிடைக்கட்டும் என்று அப்படி ஒரு வழி இருந்தது. மனம் இருந்தால் இப்பவும் வழி கிடைக்கும்.

“முதலில் எல்லை, பிறகு தேர்தல்” என்பவர்களிடம் கேட்கிறோம்: அதுவரை மாகாணத்தை நடத்துவது ஆர்? ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர். அவரை நாங்கள் தெரிவு செய்யவும் இல்லை, வாக்குப் போட்டு அனுப்பவும் ஏலாது.

பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவாங்கோ. பழைய முறையில் குறை இல்லையா? இருக்கு. குறையோட இருக்கிற சபையைத் திருத்தலாம். இல்லாத சபையில் என்னத்தைத் திருத்துறது? எல்லையைப் பிறகு ஆறுதலாகக் கீறுங்கோ. அப்ப மடுவுக்கும் ஒரு சபை கேட்டு நாங்கள் வருவம்.