25 ரூபாய்த் தூண்டில்

தில்லி சரோஜினி நகர் சந்தையில் கடைக்காரர் சொன்ன விலையைப் பேசிப் பேசிப் பாதியாக்கி வாங்குகிறவர்களும் ஏமாந்துபோகும் ஒரு குறுஞ்செய்தி உண்டு. உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை முயன்றும் கொடுக்க முடியவில்லை, முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்தாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று சொல்லும். அடியில் ஓர் இணைப்பு இருக்கும். இந்திய அஞ்சல் துறையின் பெயரில் 2024-ல் இது நாடெங்கும் சுற்றியபோது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இதைப் போலி என்று அறிவித்தது. முகவரியைத் திருத்தச் சொல்லி அஞ்சல் துறை இப்படிச் செய்தி அனுப்புவதே இல்லை.

சரோஜினி நகரில் இந்தப் பொய் கூடுதலாகவே எடுபடும். 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மறுகட்டுமானத் திட்டத்தில் அங்கிருந்த பழைய அரசுக் குடியிருப்புகள் இடிபட்டன. அங்கு குடியிருந்தவர்கள் வீடு மாறினார்கள். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வடகமும் பருப்புப் பொடியும் எந்தக் கதவுக்குப் போயிற்றோ என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு, முகவரி சரியில்லை என்ற வார்த்தை சந்தேகத்தையா கிளப்பும்?

இணைப்பைத் தொட்டால் அச்சு அசலாக அஞ்சல் துறையின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். மறு விநியோகத்துக்கு 25 ரூபாய் சொச்சம் கேட்கும். யாருக்கும் பெரிய தொகை இல்லை, தந்திரமே அதில்தான். மோசடிக்காரர்கள் குறிவைப்பது அந்த 25 ரூபாயை அல்ல, அதைக் கட்ட நாம் தட்டச்சு செய்யும் அட்டை எண்ணை.

இணைப்பைத் தொடாதீர்கள் என்று மக்களுக்கே திரும்பத் திரும்ப உபதேசிப்பது போதாது என்பதே நம் கருத்து. 2024 ஜனவரி முதல் ஜூலை வரை மட்டும் இந்திய அஞ்சலைப் போலச் செய்யும் 470-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் பதிவானதை ஃபோர்ட்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சீனாவைத் தளமாகக் கொண்ட கும்பல் ஒன்றின் வேலை இது என்றும் சொன்னார்கள். இதைத் தனி மனிதரின் உஷார் மட்டும் எப்படித் தடுக்கும்?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருக்கவில்லை. வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் பதிவு செய்தாக வேண்டும். 2024 அக்டோபர் முதல், முன்கூட்டி அனுமதி பெறாத இணைப்பு அதில் போகாது. ஆனால் மோசடிக்காரர்கள் ஐஃபோனின் ஐமெசேஜ் வழியாக வருகிறார்கள். அது இணையத்தில் ஓடுவது. இந்தச் சல்லடையில் விழாது. முன்வாசலுக்குப் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

சிங்கப்பூர் அந்தக் கதவையும் கவனித்தது. அங்கும் அஞ்சல் நிறுவனமான சிங்போஸ்ட் பெயரில் இதே மோசடி நடந்தது. 2025 நவம்பரில் அந்நாட்டுக் காவல்துறை, அரசு அமைப்புகளின் பெயரை ஐமெசேஜிலும் கூகுள் மெசேஜஸிலும் போலி செய்வதைத் தடுக்குமாறு ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் உத்தரவிட்டது. நம் சந்தையின் அளவுக்கு முன் சிங்கப்பூர் ஒரு தெரு. அதற்குப் பணியும் நிறுவனங்கள் தில்லிக்குப் பணியாதா? தொலைத்தொடர்புத் துறை அதே உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். ஏமாந்தவரே விவரம் கொடுத்தார், ஆகவே நட்டமும் அவருடையதே என்று வங்கிகள் கைவிரிப்பதும் நிற்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். அஞ்சல் துறையின் விரைவு அஞ்சல் எண்ணில் 13 இடங்கள் உண்டு: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் 'ஐஎன்'. அந்த எண்ணை அனுப்பியவரிடம் கேட்டு வாங்கி, துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அல்லது பக்கத்து அஞ்சலகத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், பிறகு வங்கியை.