படகுக்கு விடைகொடுக்கும் முன்

ரவாங்கில் கடல் இல்லை. ஆயினும், அவ்வட்டாரச் சிற்றாறுகளின் நீர் சிலாங்கூர் ஆற்றில் கலந்து, கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் பாசிர் பெனாம்பாங் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. அங்குச் செல்பவர்கள் மீன் வாங்குவார்கள். கடலுக்குப் புறப்படும் படகுகளைப் படம் எடுப்பார்கள். ஓய்வுபெற்ற படகு எதுவும் சேற்றில் கிடந்தால், அதன் பக்கம் திரும்புபவர் குறைவு.

மீனவக் குடும்பம் ஒன்று தன் மரப்படகைக் கைவிடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. நல்ல மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் விலை அதிகம். கடல்நீரில் வாழும் புழுக்கள் மரத்தைத் துளைக்கும். ஆதலால் அடிக்கடி கரையேற்றிச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும். கண்ணாடியிழைப் படகுக்கு இத்தொல்லைகள் குறைவு. பிள்ளைகளோ படித்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்நிலையில் பழைய படகை விற்பதையோ பிரிப்பதையோ குறை கூறுவது நியாயமாகாது. குடும்பத்திற்குச் சோறு போட்ட படகு என்பதால் மனம் வலிக்கும். அந்த வலிக்காகவே படகைக் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது.

எனினும், படகு போவதோடு வேறொன்றும் சேர்ந்து போகிறது. அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

திரெங்கானுவில் உள்ள டுயோங் தீவு மரப்படகுக் கட்டுமானத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள மலாய்க் கைவினைஞர்கள் வரைபடம் இல்லாமலே படகு கட்டி வந்தார்கள். செங்கால் மரப் பலகைகளை ஒன்றோடொன்று மர முளைகளால் இணைத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்து நீர் புகாமல் அடைப்பார்கள். முதலில் வெளிப்புறப் பலகைகளை எழுப்பிய பின்னரே உள்ளே வங்குகளைப் பொருத்துவார்கள். வங்கு என்பது படகின் விலா எலும்பு போன்ற வளைந்த மரச்சட்டம். அளவுகள் எல்லாம் தச்சரின் கண்ணிலும் கையிலும் இருந்தன. ஆகவே, இவ்வாறு கட்டப்பட்ட படகுக்கு அந்தப் படகேதான் வரைபடம். அதை உடைத்துவிட்டால், அது போன்ற இன்னொன்றைக் கட்ட விரும்புபவருக்குப் பார்த்துக் கற்க எதுவும் மிஞ்சாது.

தமிழ்நாட்டின் கட்டுமரம் இதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. எடை குறைந்த சில மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் கட்டுவதே கட்டுமரம். அலை மேலே ஏறினாலும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. துறைமுகம் இல்லாத மணற்கரையிலும் அலையைக் கடந்து இறங்கலாம், ஏறலாம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். இச்சொல் ஆங்கிலத்திற்கும் சென்றது. ஆனால், அங்கு அது இரண்டு உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. சொல் உலகைச் சுற்றியது. பொருள் வழியிலேயே மாறிவிட்டது!

கண்ணாடியிழைப் படகுகள் முன்பே பரவத் தொடங்கியிருந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. மீனவர்களுக்கு அது தேவையான உதவிதான். இயந்திரம் பூட்டிய படகு தொலைவு செல்லும். கூடுதல் மீன் ஏற்றும். ஆனால், எந்த மரத்தை எந்த இடத்தில் வைப்பது, முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் தினமும் கட்டிய கைகளுக்கே தெரியும். அருங்காட்சியகத்தில் ஒரு கட்டுமரத்தை நிறுத்தி வைத்தால் அதன் வடிவம் தெரியும். கட்டும் முறை தெரியாது.

பிரிட்டனில் 1993 முதல் நடந்தது வேறு கதை. மீன்வளம் குறைந்ததால், மீன்பிடி உரிமத்தை ஒப்படைக்கும் படகுக்காரர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கியது. படகு மீண்டும் மீன்பிடிக்கப் போகக்கூடாது என்பதற்காக அதை அழிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நல்ல நிலையில் இருந்த மரப்படகுகளும் இயந்திரங்களால் நொறுக்கப்பட்டன. மீனைக் காக்கும் நோக்கம் சரியானதே. உடைக்கும் முன் ஒவ்வொன்றையும் முறையாக அளந்து பதிவு செய்திருந்தால் மீனுக்கு எந்தக் கேடும் வந்திருக்காது.

வட சிலாங்கூரின் தோட்டப்புற மக்களுக்கு இந்த இழப்பு புதிதன்று. இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, பால் சேர்த்த மங்கும் சுமந்த காண்டாவும் பயன்பாட்டிலிருந்து மறைந்தன. இன்று ரவாங்கில் வளரும் பிள்ளைகளுள் அச்சொற்களை அறிந்தோர் எத்தனை பேர்? பொருளைக் காப்பாற்ற முடியாமல் போனது இயல்பு. சொல்லையாவது எழுதி வைத்திருக்கலாம்.

படகு விஷயத்தில் இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஓர் அளவுநாடா, ஒரு கைப்பேசி, ஒரு பிற்பகல் போதும். நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளக்கலாம். வங்குகளின் இடைவெளியைக் குறிக்கலாம். அணியம் என்னும் முன்முனையிலிருந்து சுக்கான் வரை படம் எடுக்கலாம். வயதான படகோட்டி ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தம் மொழியிலேயே சொல்லட்டும். கோல சிலாங்கூரில் அது ஹொக்கியனாகவோ மலாயாகவோ இருக்கலாம். எந்த மழையில் எந்த இடம் ஒழுகியது, எதற்காக அந்தப் பலகை மாற்றப்பட்டது என்பவற்றையும் ஒலிப்பதிவு செய்யலாம்.

இதை இயந்திரத்துக்கு விலை பேச ஆள் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கவனிப்பாரின்றிச் சேற்றில் கிடக்கும் படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டுப் பலகைகள் விரியும். அதன் பிறகு எடுக்கும் அளவு, அந்தப் படகு கடலில் மிதந்தபோது இருந்த அளவாக இராது.